பழைய எம்35ஏ2 லாரிக்கு எந்த கியர்பாக்ஸ்? கணக்கைப் பின்சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மலேசியாவில், ஜொகூரின் குளுவாங் பக்கம் மாமனாரின் செம்பனைத் தோட்டத்தில் ஒரு பழைய அமெரிக்க ராணுவ லாரி, எம்35ஏ2, நிற்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது பல் கடிக்கிறது, ஐந்தாவது கியர் ஓட்டத்திலேயே கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. பழைய பேருந்திலிருந்து கழற்றிய அலிசன் ஏடி545 ஆட்டோ (தானாகவே கியர் மாறும்) கியர்பாக்ஸ் ஒன்று மலிவாக வருகிறது, அதைப் போட்டால் மனைவியும் ஓட்டலாம், நெடுஞ்சாலையில் நூறில் போகலாம், போடலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதுள்ள கியர்பாக்ஸ் உண்மையிலேயே போய்விட்டதா, ஓட்டுவதற்கு எளிதாக வேண்டுமா, வேகம் வேண்டுமா என்று மூன்று விஷயம் இதில் கலந்திருக்கிறது. மூன்றையும் ஒரே சாமானில் வாங்க முடியாது. இந்த லாரியில் கடைசி இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன, அது எப்படி என்று கீழே கணக்கோடு சொல்கிறேன்.

நான் 1980களின் கடைசியில் சிங்கப்பூரின் தொழிற்பயிற்சிக் கழகமான விஐடிபியில் கனரக வாகன மெக்கானிக் படித்தவன், தேசிய சேவையில் வாகனப் பராமரிப்பில் இருந்தேன், அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் சுங்கை காடுட், துவாஸ் பட்டறைகளில் லாரி, கிரேன், பேருந்து என்று கியர்பாக்ஸ் வேலைதான். அலிசன் நிறைய பிரித்திருக்கிறேன். உங்கள் லாரியில் இருக்கும் ஸ்பைசர் 3053ஏ கியர்பாக்ஸை இரண்டு முறைதான் திறந்திருக்கிறேன். அந்த எஞ்சினோடு ஏடி545-ஐ என் கையால் சேர்த்ததில்லை. அதனால் அந்த இணைப்பைப் பற்றி நான் சொல்வது விகிதக் கணக்கும் அலிசன் அனுபவமும் சேர்ந்து வருவது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதிய இரண்டு கோளாறை மட்டும் வைத்து கியர்பாக்ஸ் செத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பல் கடிப்பதற்குப் பல நேரம் கிளட்ச்தான் காரணம். எஞ்சின் ஓடும்போது நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுக்க மிதித்து, பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அந்த கியர்பாக்ஸில் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் சிங்க்ரோ, அதாவது பல் சேரும் முன் இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கும் ரிங், கிடையாது, பல்லோடு பல் நேராகச் சறுக்கித்தான் சேரும். பத்து எண்ணிய பிறகும் கடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை, உள்ளே தண்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் பெடலின் ஃப்ரீ பிளே, லிங்கேஜ், பைலட் பேரிங், கிளட்ச் தட்டு எல்லாம் பார்த்த பிறகுதான் கியர்பாக்ஸ் பக்கம் கை வைக்க வேண்டும். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் சரி, சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து எண்ணெய். கனமான லாரிதானே என்று ஆக்ஸிலுக்கு ஊற்றும் ஜிஎல்-5 எண்ணெயையே கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடுகிறவர்கள் நிறைய பேர். அதிலுள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் வீலுக்கு நல்லது, வெண்கலச் சிங்க்ரோ ரிங்குக்கு ஆகாது, ரிங் பிடிக்க வேண்டிய நேரத்தில் வழுக்கவும் செய்யும். லாரியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் இறக்குங்கள். மஞ்சளாக மினுக்கும் தூள் வந்தால் சிங்க்ரோ ரிங்கும் வாஷரும் தேய்கின்றன, அது ரிப்பேர் செய்யக்கூடிய விஷயம். காந்தத்தில் ஒட்டும் செதில் செதிலான இரும்பு வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது, அப்போதுதான் மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும். ஐந்தாவது கழன்று வருவதற்கும் இப்படித்தான், மேல்மூடியைக் கழற்றினால் கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க் தேய்ந்திருக்கிறதா, அதை இடத்தில் பிடித்து நிறுத்தும் டிடென்ட் ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். பெல் ஹவுசிங் போல்ட் தளர்ந்து, கியர்பாக்ஸ் எஞ்சினோடு நேர்கோட்டில் நிற்காமல் இருந்தாலும் மேல் கியர் கழன்று வரும். கழன்று வரும் கியரைக் கையால் பிடித்துக்கொண்டே ஓட்டாதீர்கள், ஃபோர்க் இன்னும் சீக்கிரம் போகும்.

சரி, பார்த்துவிட்டீர்கள், மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். கிடைத்த கியர்பாக்ஸை முதலில் வாங்கிவிட்டு, பிறகு மற்றதையெல்லாம் அதற்கேற்ப வெட்டி ஒட்டுவார்கள். நான் டயரில் தொடங்குவேன், ஆக்ஸில், டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), எஞ்சின் என்று முன்னால் வந்து, நடுவில் மிச்சமிருக்கும் இடத்துக்கு என்ன விகிதம் வேண்டும் என்று கடைசியில் பார்ப்பேன். உங்கள் லாரியில் 9.00-20 டயர், ஒரு சுற்றுக்குச் சுமார் 3.1 மீட்டர் ஓடும். ராக்வெல் ஆக்ஸிலின் விகிதம் 6.72, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 6.72 சுற்று சுற்ற வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் ராக்வெல் டி-136, அது ஹையில் நேர் ஒன்று, லோவில் ஏறக்குறைய இரண்டு. எஞ்சின் 7.8 லிட்டர் மல்டிஃபியூவல் (பல வகை எரிபொருளில் ஓடும் டீசல்), சுமார் 130 முதல் 140 குதிரைத்திறன், அதை 2600 சுற்றுக்கு மேல் விடக் கூடாது. 3053ஏ-யின் நான்காவது கியர் நேர் ஒன்று, ஐந்தாவது ஓவர்டிரைவ், அதாவது எஞ்சினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் கியர், சுமார் 0.79. இப்போது கணக்குப் போடுங்கள். 2600-ஐ 0.79-ஆல் வகுத்து, வந்ததை 6.72-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 490 சுற்று. அதை 3.1 மீட்டரால் பெருக்கினால் மணிக்கு 91 கிலோமீட்டர். ராணுவம் இந்த லாரிக்குச் சொன்ன உச்ச வேகம் 56 மைல், அதுவும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான், கணக்கு ஒத்துப்போகிறது.

ஏடி545 நான்கு கியர், விகிதம் 3.45, 2.25, 1.41, 1.00. ஓவர்டிரைவ் இல்லை. மேல் கியர் ஒன்று என்றால் அதே 2600 சுற்றில் உங்கள் லாரி 72 கிலோமீட்டரில் நின்றுவிடும். இது கன்வெர்ட்டர், அதாவது ஆட்டோவில் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் மூலம் சக்தியைக் கடத்தும் பகுதி, துளியும் வழுக்காது என்று வைத்துப் போட்ட கணக்கு. கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் லாக்கப் ஏடி545-க்குக் கிடையாது, மேல் கியரிலும் கன்வெர்ட்டர் கொஞ்சம் வழுக்கிக்கொண்டேதான் ஓடும், அதனால் நிஜத்தில் 72-க்கும் கீழேதான். நீங்கள் நூறு வேண்டும் என்று வாங்கப் போவது இப்போது ஓடும் வேகத்தையும் குறைக்கப் போகிறது. அமெரிக்க ராணுவமே பின்னால் எம்35ஏ3-இல் ஆட்டோ போட்டது உண்மைதான், ஆனால் அது லாக்கப் உள்ள ஏடி1545, கூடவே எஞ்சினையும் கேட்டர்பில்லர் 3116-ஆக மாற்றி, டயரையும் பெரிதாக்கினார்கள். ஆட்டோ மட்டும் தனியாக மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வேகத்தை விடுங்கள், அந்த கியர்பாக்ஸ் எந்த எஞ்சினோடு ஓடியது என்று விற்பவரிடம் கேட்டீர்களா? இந்த ரக அலிசனில் எப்போது கியர் மாற வேண்டும் என்று தீர்மானிப்பது உள்ளே இருக்கும் கவர்னர். நாலாயிரம் சுற்று ஓடும் பெட்ரோல் எஞ்சினுக்கு அமைத்த கவர்னரை 2600 சுற்று எஞ்சினோடு சேர்த்தால், எஞ்சின் மூச்சு முட்டும்வரை கத்தும், கியர் மாறாது. மல்டிஃபியூவல் எஞ்சினை அப்படி அளவுக்கு மீறிச் சுற்றவிட்டால் கனெக்டிங் ராட் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், அதன் பிறகு பேச ஒன்றுமில்லை. கன்வெர்ட்டரும் எஞ்சினின் முறுக்குவிசைக்குப் பொருந்த வேண்டும், ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறது என்று கியர்பாக்ஸுக்குச் சொல்லும் மாடுலேட்டர் கேபிளும் வேண்டும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் அடாப்டரும் ஃபிளெக்ஸ் பிளேட்டும் கடைத்தட்டில் தயாராக இருக்காது, லேத்தில் செய்ய வேண்டும். நடு அச்சு 0.2 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் முன் பம்ப் சீலும் புஷ்ஷும் அடிக்கடி போகும்.

அப்புறம் சூடு. நம் ஊர் வெயிலில் லாக்கப் இல்லாத கன்வெர்ட்டர் மேட்டில் மெதுவாக ஏறும்போது எஞ்சின் தரும் சக்தியில் கணிசமான பங்கை எண்ணெயைக் கொதிக்கவைக்கத்தான் செலவழிக்கும். எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் 121 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது என்பது அலிசன் சொல்லும் எல்லை. தோட்டத்தில் லோ கியரில் ஊர்ந்துகொண்டே இருக்கும் லாரியில் காற்றும் வராது, பெரிய கூலரும் விசிறியும் இல்லாமல் அந்த எல்லைக்குள் நிற்பது கஷ்டம். எனக்கு இதைவிடக் கவலை இறக்கம்தான். லாக்கப் இல்லாத ஆட்டோவில் எஞ்சின் பிரேக் சொற்பம். எம்35ஏ2-இல் கால் பிரேக் ஒரே சர்க்யூட், காற்று உதவியோடு வேலை செய்யும் ஹைட்ராலிக். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலோ ஒரு குழாய் வெடித்தாலோ ஆறு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். எஞ்சின் பிரேக்கையும் குறைத்துக்கொண்டு அதை மட்டும் நம்பிச் செம்மண் சரிவில் இறங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பலவீனமான கண்ணி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். இப்போது முதல் கியர் ஏறக்குறைய ஐந்து, லோ இரண்டு, ஆக்ஸில் 6.72, மூன்றையும் பெருக்கினால் 67 மடங்கு முறுக்கு சக்கரத்துக்குப் போகிறது. ஏடி545-இல் முதல் கியர் 3.45 தானே, குறைவுதானே என்று தோன்றும். ஆனால் லாரி நிற்கும்போது கன்வெர்ட்டர் தன் பங்குக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். 3.45, 1.98, 6.72, அதோடு இரண்டு என்று பெருக்கினால் தொண்ணூறைத் தாண்டுகிறது. கிளட்ச் என்றால் வழுக்கிக் காட்டிக்கொடுக்கும், கன்வெர்ட்டர் சேற்றில் சிக்கிய சக்கரத்தை அமைதியாக முறுக்கிக்கொண்டே இருக்கும், உடைவது ஆக்ஸில் ஷாஃப்ட். பல வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒன்றைப் பார்த்தேன். ஒரு கட்டுமான நிறுவனத்தின் பழைய கிரேன் லாரிக்கு, கியர்பாக்ஸ் இனிமேல் உடையவே கூடாது என்று இரண்டு அளவு பெரியதாகப் போடச் சொன்னார்கள். எங்கள் பட்டறையில்தான் போட்டோம், முதல் கியர் விகித எண் முன்னைவிடப் பெரியது, முறுக்கு கூடும் என்பதை நானும் பார்த்தேன், இருந்தும் எதுவும் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் லாரி திரும்பி வந்தது. புது கியர்பாக்ஸில் ஒரு கீறல் இல்லை, பின் ஆக்ஸிலில் பினியன் பல் நான்கு போய் கிரவுன் வீலையும் கெடுத்திருந்தது. அன்றைக்கே வாய் திறந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆட்டோதான் வேண்டும் என்றால் ஏடி545-ஐ விட எம்டி643 நல்லது. லாக்கப் உண்டு, விகிதம் 3.58, 2.09, 1.39, 1.00, மேல் கியரில் வழுக்காது, இறக்கத்தில் எஞ்சின் கொஞ்சமாவது பிடிக்கும். கனம் அதிகம், மேல் கியர் அதே ஒன்று, ஆகவே அதே 72. டயரை 11.00-20-க்கு மாற்றினால் ஆறேழு சதவீதம் கூடி 77 வரை வரும், எல்லா சக்கரத்துக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். ஓவர்டிரைவோடு ஆட்டோ என்றால் அலிசன் 1000, 2000 வரிசை. ஐந்தாவது 0.71, கணக்கில் நூறைத் தொடும், ஆனால் அது முழுக்க மின்னணுக் கட்டுப்பாடு, கணினியும் சென்சாரும் வேண்டும், உங்கள் எஞ்சினோ மெக்கானிக்கல் பம்ப் உள்ளது. செய்ய முடியாதது இல்லை, செலவுதான் லாரி விலையைத் தாண்டிவிடும். மேனுவலில் ஈட்டன் ஃபுல்லர் பெட்டிகள் ஜொகூர் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும், நல்ல சாமான்தான். பெயர்த்தகட்டைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்டிஎல்ஓ-16913ஏ என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கமான 13 முன்கியர்களின் எண்ணிக்கை, முன்னால் வரும் 16 தாங்கும் முறுக்குவிசையைக் குறிக்கும், சுமார் 1650 பவுண்ட்-அடி, ஓ என்றால் ஓவர்டிரைவ். இது உங்கள் எஞ்சினுக்குத் தேவையானதைப் போல ஐந்து மடங்கு. இந்த மாதிரிப் பெட்டிகளில் முதல் கியர் விகிதம் பன்னிரண்டு, பதின்மூன்று வரை போகும், டிரான்ஸ்ஃபர் கேஸ் லோவோடு சேர்ந்தால் மேலே சொன்ன கிரேன் லாரி கதைதான். ஃபுல்லர் எடுப்பதாக இருந்தால் சிங்க்ரோ உள்ள ஐந்து அல்லது ஆறு கியர் சின்னப் பெட்டியாக, முதல் கியர் ஆறேழுக்கு மேல் போகாததாக, மேல் கியர் பத்தில் எட்டு பாகத்தை ஒட்டியதாக, அதாவது 0.8 பக்கம் வருவதாகத் தேடுங்கள்.

நடுவில் இருக்கும் சாமான்களை மறந்துவிடாதீர்கள். இந்த லாரியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது, தனியாக நிற்கும், நடுவில் ஒரு சின்ன ஷாஃப்ட். வேறு கியர்பாக்ஸ் போட அது வசதிதான், ஆனால் புதியது நீளமாக இருந்தால் அந்த ஷாஃப்ட் குட்டையாகும், குட்டையானால் அதே உயர வித்தியாசத்துக்குக் கோணம் கூடும், அதிர்வு வரும், யூ ஜாயிண்ட் கிராஸ் மாதத்துக்கு ஒன்று போகும். இரண்டு முனையிலும் கோணம் சமமாக, ஒரு டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். டி-136-இல் இரண்டு வகை உண்டு, உங்களுடையது எது என்று நீங்கள் போட்ட படத்தில் தெரியவில்லை. ஒன்றில் ஓட்டுநர் காற்று வால்வால் முன் ஆக்ஸிலைச் சேர்ப்பார். மற்றதில் ஸ்ப்ராக் என்ற ஒருவழிக் கிளட்ச் இருக்கும், பின்சக்கரம் வழுக்கினால் முன் ஆக்ஸில் தானாகப் பிடிக்கும். ஸ்ப்ராக் வகைக்கு ரிவர்ஸ் போட்டதைத் தெரிவிக்க கியர்பாக்ஸிலிருந்து ஒரு லிங்கேஜ் கம்பி வரும். வேறு கியர்பாக்ஸ் போட்டால் அந்தக் கம்பி மாட்ட இடமிருக்காது, ரிவர்ஸில் முன் ஆக்ஸில் ஒழுங்காக வேலை செய்யாது. அதனால் கியர்பாக்ஸ் மாற்றுகிறவர்கள் டிரான்ஸ்ஃபர் கேஸையும் காற்று வகைக்கு மாற்றுவது உத்தமம். முன் டயரை மட்டும் பெரிதாகப் போட்டால் ஸ்ப்ராக் எப்போதும் பிடித்துக்கொண்டே ஓடும், அதனால்தான் மேலே எல்லா டயரும் சேர்ந்து என்றேன். முன்னால் வின்ச் இருந்தால் அதை ஓட்டும் பிடிஓ (கியர்பாக்ஸிலிருந்து சக்தி எடுக்கும் இணைப்பு) கியர்பாக்ஸின் பக்கவாட்டில்தான் மாட்டியிருக்கும். புதியதில் பிடிஓ வாய் எந்தப் பக்கம், எத்தனை போல்ட் என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள்.

நூறு கிலோமீட்டர் ஆசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு விரைவுச்சாலையிலேயே 60-தான் எல்லை, நம் கண்ணுக்கு அது பழக்கம். வெறும் வண்டியே கிட்டத்தட்ட ஆறு டன் இருக்கும் லாரி, ஒரு சர்க்யூட் பிரேக், பழைய டிரம். அது 75-இல் ஓடும்போதே நிற்க எவ்வளவு தூரம் எடுக்கிறது என்று ஒரு காலி இடத்தில் பிடித்துப் பாருங்கள், நூறு வேண்டும் என்று பிறகு தோன்றாது.

என் காசாக இருந்தால் 3053ஏ-யையே வைத்துக்கொள்வேன். சிங்க்ரோ ரிங், பேரிங், சீல், ஃபோர்க் மாற்றி, சரியான எண்ணெய் ஊற்றி, கிளட்சையும் அதே வேலையில் புதுப்பிப்பேன். பல் உடைந்திருந்தால் இன்னொரு 3053ஏ தேடுவேன். இந்த லாரி லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட குடும்பம், கியர்பாக்ஸ் இன்னும் கிடைக்கிறது, நேராக உட்காரும், லிங்கேஜ், பிடிஓ, ஷாஃப்ட் ஒன்றையும் தொட வேண்டாம். மிச்சமாகும் காசைப் பிரேக் குழாய்க்கும் வீல் சிலிண்டருக்கும், முடிந்தால் இரண்டு சர்க்யூட்டாகப் பிரிக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் போடுங்கள். உங்கள் மனைவி ஓட்டுவதற்கு, கிளட்ச் லிங்கேஜைச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டு, பெடலைச் சரியாக அமைத்தாலே பாதிக் கஷ்டம் போய்விடும். இரண்டாவதில் கிளம்பலாம், காலி வண்டிக்கு முதல் கியர் தேவையே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பாதையில் பழகினால் வந்துவிடும். அதன் பிறகும் ஆட்டோதான் என்று அவர் சொன்னால் எம்டி643, காற்று வகை டிரான்ஸ்ஃபர் கேஸ், பெரிய கூலர், 70 கிலோமீட்டர் என்ற கணக்கோடு தொடங்குங்கள், அது தப்பில்லை.

எண்ணெய் இறக்கியதும் தட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், டிரான்ஸ்ஃபர் கேஸின் பெயர்த்தகட்டையும் சேர்த்து, பார்த்துச் சொல்கிறேன். அடியில் இறங்குவதற்கு முன் ஒன்று மட்டும். இந்த லாரியின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டில் இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள ஷாஃப்ட்டைக் கழற்றிய அந்த நொடியே பிடிக்க ஒன்றும் இருக்காது, தோட்டமோ சரிவு. நான்கு சக்கரத்துக்காவது முன்னும் பின்னும் பெரிய மரக்கட்டை அண்டை கொடுத்து, லாரியை ஒரு முறை தள்ளிப் பார்த்த பிறகு ஸ்பேனரை எடுங்கள்.